நான்கு ஜோடி ஷூவும் ஒரு கையெழுத்தும்

மாதனூர்
12.1.2025

அன்புத் தங்கை மெர்சிக்கு,

அக்கா பொன்மலர் எழுதுவது. ஆண்டவர் தயவில் வலது முட்டியைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளை சுந்தர்ராஜும் பிள்ளை ரெனிட்டாவும் நாக்பூர்க் குளிரில் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ ‘ம், ம்’ என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்க்கிறாய். கம்பெனியை விட்டு வந்துவிட்டேன் என்று நவம்பரில் குடும்ப குரூப்பில் போட்டேன். ஆளுக்கொரு கைகூப்பும் பொம்மை போட்டீர்கள். ஏன் விட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றே குரூப்பிலிருந்து வெளியே வந்தேன். இனி என்னிடம் பேசுகிறவர்கள் பேனா எடுத்துப் பேசட்டும்.

ஏன் விட்டேன் என்று நானே சொல்கிறேன். ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் முப்பது வருஷம் இருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள். படம் போடவும் தோல் வெட்டவும் தைக்கவும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றேன். போன வருஷம் பக்கவாட்டில் இலை நரம்பு போலத் தையல் ஓடுகிற ஒரு மாடல் போட்டேன். வெளிநாட்டுக்காரனுக்குப் பிடித்துப்போய்ப் பெரிய ஆர்டர் வந்தது. அவன் அச்சடித்த புத்தகத்தில் டிசைனர் பெயர் கௌதம் என்று இருந்தது. கௌதம் காலேஜில் ஷூ டிசைன் படித்துவிட்டு வந்தவன், எனக்கு அடுத்த மேஜை. ‘இது பொன்மலரம்மா போட்டது’ என்று அவன் வாய் திறக்கவில்லை. அவனுக்குப் பதவி உயர்வு, எனக்கு ஒரு டிபன் கேரியர். அதை மேனேஜர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது சொந்தமாகத் தொழில் தொடங்குகிறேன். நர்சுகளுக்கு ஷூ. நாளெல்லாம் நிற்கிறவர்களுக்கு நல்ல தோலில் அழகாக ஒரு ஷூ கடையில் கிடைப்பதில்லை என்று நீயே எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறாய். உள்ளே குதிகால் படுகிற இடத்தில் ‘பொன்மலர், மாதனூர்’ என்று பொன் எழுத்து இருக்கும். அதற்கான பித்தளை அச்சை வேலூரில் செய்து வாங்கியாகிவிட்டது.

ஷூ தைக்க லாஸ்ட் வேண்டும். கால் வடிவத்தில் இருக்கும் பிளாஸ்டிக் அச்சு. அதன்மேல் தோலை இழுத்துத்தான் ஷூவுக்கு உருவம் வரும். புதிதாக வாங்கினால் விலை தாங்காது. கம்பெனிகள் கழித்துக் கட்டியதை ஆம்பூரில் பழைய சாமான் எடுக்கும் இஷ்தியாக் பாயிடம் எடை போட்டு வாங்கினேன். “இன்னா அக்கா, முப்பது வருசம் கம்பெனிக்கு ஒழச்ச. இப்ப கம்பெனி குப்பையையும் நீயே தூக்கிக்கினு போற?” என்றார். “நீ எடைய சரியா போடு பாய்” என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தையல் மிஷின், தோல் ஓரம் சீவுகிற மிஷின், சோல் ஒட்டும் பிரஸ், இவற்றுக்கெல்லாம் அரசு மானியத்தோடு ஆறு லட்சம் லோன் கேட்டிருக்கிறேன். வீட்டை அடமானமாக வைக்கச் சொல்கிறார்கள். அப்பா வீட்டை நம் இருவர் பேரிலும் எழுதிவிட்டார். நீ அங்கே பதிவு அலுவலகத்தில் எனக்குப் பவர் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதுமாம். சீக்கிரம் அனுப்பு.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா
பொன்மலர்


நாக்பூர்
2.2.2025

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். குளிர் குறைந்துவிட்டது. உன் முட்டிக்கு நான் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா? செய்ய மாட்டாய், தெரியும்.

குரூப்பில் பொம்மை போட்டவர்களில் நானும் ஒருத்தி. அன்றைக்கு டூட்டி நடுவில் பார்த்தேன். தப்புத்தான்.

நீ சொந்தமாகத் தொடங்குவதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் சில கேள்விகள் உண்டு, கோபிக்காதே. ஒரு ஜோடி என்ன விலை சொல்லப் போகிறாய்? தோல், சோல், பசை, நூல் எல்லாம் கூட்டுவாய், சரி. அதில் உன் கூலி எங்கே? நாலு மாடலைப் போனில் படம் எடுத்துப் பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் போடேன். ஜன்னல் பக்கம் வெள்ளைத் துணி விரித்து, காலை வெளிச்சத்தில் எடுத்தால் நன்றாக வரும் என்று ரெனிட்டா சொல்கிறாள்.

முதலில் எங்கள் வார்டுக்கு நாலு ஜோடி அனுப்பு. எனக்கு ஒன்று, எங்கள் சிஸ்டர் இன்சார்ஜுக்கு ஒன்று, இன்னும் இரண்டு பேருக்கு. அளவு பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

பவர் விஷயமாக அவரிடம் பேசுகிறேன். இந்த மாதம் அவருக்கு ரயில்வேயில் இன்ஸ்பெக்‌ஷன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை
மெர்சி


மாதனூர்
20.2.2025

அன்புத் தங்கைக்கு,

சுகம். சுகம் கேட்கிறேன். முட்டிக்குப் பயிற்சி செய்கிறேன், உன்னைப் பொய்யாக்க வேண்டும் என்பதற்காகவே.

வேலூரில் ஒரு மண்டபத்தில் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். போனேன். முதல் நாள் கோட் போட்ட ஒரு தம்பி மேடையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தான். எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னான். “அஞ்சு வருஷம் கழிச்சு உங்க கார் என்னா கலருன்னு பாருங்க” என்றான். நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். என்னிடம் வந்து, “அம்மா, உங்க மனசுல ஃபயர் இருக்குதா?” என்று கேட்டான். “ஃபயர் ஜாஸ்தியாவே இருக்குது தம்பி. மிஷின்தான் இல்ல” என்றேன். மண்டபமே சிரித்தது. அவனும் சிரித்தான், பாவம்.

இரண்டாம் நாள் ஒரு அம்மா வந்தாள். கரும்பலகையில் விலை போடக் கற்றுக்கொடுத்தாள். வாடகை, கரண்ட், தேய்மானம், கெட்டுப்போகிற சரக்கு எல்லாம் எழுதிவிட்டு, “உங்க கூலிய எழுதாதவங்க கை தூக்குங்க” என்றாள். எனக்கு முன்னால் முக்கால்வாசிக் கை மேலே போனது. நான் தூக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சேர்த்துவிட்டேன். நீ கேட்டதையே அவளும் கேட்டாள் என்பதற்காக நீ பெரிய கணக்குப்பிள்ளை என்று நினைத்துக்கொள்ளாதே.

பக்கத்து வீட்டு சங்கீதா இன்னமும் கம்பெனி பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாள். வீட்டில் ஒரு மிஷின் வைத்திருக்கிறாள். அதில்தான் உன் நாலு ஜோடியையும் தைத்தேன். படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டதும் அவள்தான். நிறையப் பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். இதயம் போட்டவர்களில் ஒருவரும் அளவு சொல்லவில்லை.

பார்சல் இன்று போட்டேன். இலை நரம்புத் தையல், உள்ளே ஆட்டுத்தோல் லைனிங். என் பெயர் உள்ளே இருக்கும், பார்.

பவர் எங்கே?

பொன்மலர்


நாக்பூர்
16.3.2025

பாசமுள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். பார்சல் பத்திரமாக வந்தது. பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். சிஸ்டர் இன்சார்ஜ் லீவில் இருக்கிறார்கள், எனக்கு டபுள் டூட்டி.

ஷூ பார்க்க அவ்வளவு அழகு. டப்பாவைத் திறந்ததும் வார்டில் எல்லாரும் கூடிவிட்டார்கள். அந்த இலை நரம்புத் தையலைத் தொட்டுப் பார்க்காதவர்கள் இல்லை. உன் பெயரைப் படித்துக் காட்டினேன். இந்தியில் எழுதிக் காட்டு என்று கேட்டார்கள்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. ரெனிட்டாவுக்குப் பரீட்சை நெருங்குகிறது. பதிவு அலுவலகத்தில் கணக்கு வருஷக் கடைசியில் கூட்டம் அதிகமாம், ஏப்ரலில் போகலாம் என்றார் அவர்.

அதற்குள் பெரிய ஆர்டர் எதுவும் எடுத்துவிடாதே அக்கா. மெதுவாகப் போ.

முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

மெர்சி


மாதனூர்
30.3.2025

மெர்சிக்கு,

சுகம். தைலம் வந்தது. நான் கேட்டது தைலம் இல்லை.

மெதுவாகப் போ என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஐம்பத்தொன்பது வயது. இன்னும் எவ்வளவு மெதுவாகப் போகச் சொல்கிறாய்?

குடியாத்தம் பக்கம் ஒரு நர்சிங் ஸ்கூலில் என் ஷூவைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். பிரின்சிபால் அம்மா கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஆகஸ்ட் மாதம் சேர்கிற புதுப் பிள்ளைகளுக்கு அறுபது ஜோடி கேட்டிருக்கிறார்கள். முன்பணமும் கொடுத்துவிட்டார்கள். சங்கீதா மிஷினை நம்பி அறுபது ஜோடி தைக்க முடியாது. அவளுக்கும் அதில்தான் மேல்வரும்படி. லோன் ஆபீசில் எல்லாம் தயார், தங்கச்சி பத்திரம் வந்ததா என்று போன் மேல் போன்.

மாப்பிள்ளை வேண்டாம் என்கிறாரா? அப்படியென்றால் அதை எழுது. வருஷக் கடைசி, கூட்டம், பரீட்சை என்று எனக்குக் கதை எழுதாதே. அவருடைய அண்ணன் ஆட்டோ ஸ்டாண்டில் சீட்டாடி இழந்த பணத்துக்கு நீ வளையல் கழற்றிக் கொடுத்தபோது எந்தப் பரீட்சையும் குறுக்கே வரவில்லை.

பொன்மலர்


மாதனூர்
21.4.2025

மெர்சிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. சுகமா என்று மட்டுமாவது எழுது.

பொ.


நாக்பூர்
4.5.2025

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இந்தக் கடிதத்தைப் பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். அவர் மேல் பழி போடாதே. அவர் யோசித்தார், உண்மை. ஆனால் தாமதத்துக்குக் காரணம் நான்.

ஷூ விரலைப் பிடிக்கிறது அக்கா.

முதல் நாள் ஆசையாகப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனேன். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு சுற்று வருவதற்குள் சுண்டுவிரல் எரிந்தது. புதுத் தோல், பழகப் பழக இளகும் என்று நினைத்தேன். மதியம் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வார்டில் நடந்தேன். இத்தனை வருஷத்தில் நான் அப்படி நடந்ததில்லை. மற்ற இருவரும் மறுநாளே பழைய செருப்புக்குப் போய்விட்டார்கள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா தைத்தது என்று நான் அவ்வளவு பெருமை பேசியிருந்தேன்.

சிஸ்டர் இன்சார்ஜுக்குச் சர்க்கரை. காலில் உணர்வு குறைவு என்பதால் வலி தெரியாமல் மூன்று நாள் போட்டிருந்தார்கள். விரலில் கொப்புளம் வந்து, உடைந்து, புண்ணாகிவிட்டது. அவர்கள் லீவில் இருந்தது அதனால்தான். நான்தான் வீட்டுக்குப் போய்க் கட்டுப் போட்டேன். இப்போது ஆறிவிட்டது. உன்னை விசாரிக்கும்போதெல்லாம், “உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம், வருத்தப்படுவாங்க” என்கிறார்கள்.

நீ முப்பது வருஷம் இந்த வேலையில் இருந்தவள். உன்னிடம் இது தப்பு என்று சொல்ல எனக்கு என்ன தெரியும் என்று இருந்தேன். ஆனால் அறுபது பிள்ளைகள் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு தூக்கம் இல்லை. வீட்டை வைத்து மிஷின் வாங்கி, இதே ஷூவைத்தான் தைக்கப் போகிறாய் என்றால், நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

கோபப்படுவாய். படு. ஆனால் சாப்பிடாமல் இருக்காதே.

மெர்சி


மாதனூர்
12.5.2025

மெர்சிக்கு,

முப்பது வருஷத்தில் என் ஷூவைப் பற்றி ஒரு புகார் வந்தது கிடையாது. கடல் தாண்டிப் போன சரக்கு. உங்கள் வார்டில் நாலு பேருக்கு விரலைப் பிடிக்கிறது என்றால் அளவை நீ சரியாக எழுதவில்லை.

மார்ச் நடுவில் ‘அவ்வளவு அழகு’ என்று எழுதினாயே, அப்போது உன் விரலில் கட்டு இருந்ததா இல்லையா?

நாலு ஜோடியையும் திருப்பி அனுப்பு. என் பெயர் போட்ட சாமான் உன் வீட்டு அலமாரியில் தூங்க வேண்டாம்.

பொன்மலர்


நாக்பூர்
9.6.2025

அக்காவுக்கு,

சுகம். உன் சுகத்தை எழுது.

நாலு ஜோடியும் தனிப் பார்சலில் வருகிறது. நாங்கள் சரியான அளவுதான் கொடுத்தோம்.

இத்துடன் பவர் பத்திரம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவர் டூட்டிக்குப் போன பிறகு போய்ப் பதிந்துவிட்டு வந்தேன். இதற்குமேல் உன்னோடு பேசாமல் இருக்க என்னால் முடியாது. வீட்டை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

மெர்சி


மாதனூர்
27.7.2025

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறேன். முட்டி பரவாயில்லை. காலில் மட்டும் ஒரு காயம், அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நீங்கள் மூவரும் சுகமா? சிஸ்டர் இன்சார்ஜின் கால் முழுக்க ஆறிவிட்டதா என்று தனியாக எழுது.

இத்தனை நாள் எழுதாததற்கு நான் கோபமாக இருந்தது பாதிக் காரணம். மீதிக்கு வேலை இருந்தது.

பார்சல் வந்த அன்று உன் ஜோடியை எடுத்துக் காலில் போட்டேன். நம் இருவருக்கும் ஒரே அளவுதானே. நீ பொய் சொல்கிறாய் என்று நிரூபிக்கத்தான் போட்டேன். போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஆம்பூர் போனேன், மார்க்கெட்டில் சுற்றினேன், தோல் கடையில் நின்று பேரம் பேசினேன். திரும்பி வரும்போது மாதனூர் ஸ்டாப்பில் இறங்க முடியவில்லை. கண்டக்டர், “இன்னாம்மா, கால்ல முள்ளா?” என்றான்.

நான் தைத்த ஷூவை நான் போட்டது அன்றுதான் முதல் தடவை. சாம்பிள் ரூமில் ஒற்றைக் காலுக்குத்தான் தைப்போம். அதை மேஜைமேல் வைத்துப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், விமானத்தில் அனுப்புவார்கள். ஒற்றை ஷூவைப் போட்டுக்கொண்டு யார் நடப்பது? ரப்பர் செருப்போடு வேலைக்குப் போனேன், ரப்பர் செருப்போடு வந்தேன். அழகாக இருக்கிறது என்ற பேச்சை மட்டும் முப்பது வருஷம் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை கம்பெனி பஸ் வரும் இடத்துக்குப் பழைய செய்தித்தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களைத் தாளில் கால் வைக்கச் சொல்லி ஓரத்தில் கோடு போட்டேன். “இன்னா பொன்மலரம்மா, கைரேகை போதாதுன்னு ரேஷன் கடைல கால்ரேகையும் கேக்குறாங்களா?” என்றாள் சங்கீதா. எல்லாருக்கும் சிரிப்பு. ஒருத்தி, “எங்க மாமியா காலையும் எடுத்துக்கோ, அதுதான் ஊரெல்லாம் சுத்துது” என்றாள். சிரித்தபடியே வைத்தார்கள். ஒரு வாரம் போனேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு தாளின் மேலும் என் லாஸ்டை வைத்துப் பார்த்தேன். குதிகால் உட்கார்ந்தது, நீளமும் சரியாக இருந்தது. விரல் பக்கம் இரண்டு ஓரமும் லாஸ்டுக்கு வெளியே நின்றது, எல்லார் தாளிலும்.

அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஆள் இந்தப் பக்கத்தில் ஒருவன்தான். அவனும் கம்பெனியை விட்டுவிட்டானாம். ஆம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு ரூமில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு லாஸ்டுக்கும் பேட்டர்னுக்கும் வரைந்து கொடுக்கிறான். போக மாட்டேன் என்று பத்து நாள் இருந்தேன். பதினோராம் நாள் போனேன்.

கௌதம் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். “வாங்கம்மா” என்றான். நான் லாஸ்டை மேஜைமேல் வைத்தேன். கையில் எடுத்தவுடன் சொல்லிவிட்டான்.

“இது இத்தாலி லாஸ்ட்மா. அவங்க கால் முன்னாடி ஒடுக்கம். நம்ம ஊர்க் கால் விரல் பக்கம் அகலம். சின்னதுலருந்து செருப்பு இல்லாம திறந்தே நடந்த கால். இதுல தெச்சா யாருக்கும் உள்ள போவாது.”

“அளவு சரியாத்தான இருக்குது?”

“நீளத்தைதாம்மா நம்பர் சொல்லுது. அகலத்த சொல்லாது.”

அவனுடைய படிப்பு அது. எனக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். என் தாள்களைப் பார்த்து, “இத்தினி பேர் காலா?” என்று கேட்டுவிட்டு ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். புதிதாக ஒரு லாஸ்ட் வரைந்து, ராணிப்பேட்டையில் வெட்டி வரவழைத்தான். கூலி வேண்டாம் என்றான். “கூலிய எழுதாத கணக்கு கணக்கே இல்ல தம்பி” என்று முழுப் பணத்தையும் கொடுத்து ரசீது வாங்கினேன். கிளம்பும்போது, “அந்த இலை மாடல் விஷயம்மா...” என்று ஆரம்பித்தான். “லாஸ்ட் எப்ப வரும்னு மட்டும் சொல்லு” என்றேன். நான் அவனை மன்னித்துவிட்டதாக யாரிடமும் சொல்லாதே. கூலி கொடுத்து வேலை வாங்கினேன், அவ்வளவுதான்.

குடியாத்தம் போய் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிரின்சிபால் அம்மா ஆச்சரியப்பட்டார்கள். “உங்க சரக்கை நீங்களே குறை சொல்றீங்களே?” என்றார்கள். “இப்ப நான் சொல்லலன்னா உங்க பிள்ளைங்க சொல்லும்” என்றேன். ஆகஸ்ட் ஆர்டர் வேறு கடைக்குப் போய்விட்டது. போகட்டும். பழைய லாஸ்டை இஷ்தியாக் பாயிடமே எடைக்குப் போட்டேன். வாங்கின விலையில் பாதிதான் கொடுத்தார், அதற்குத் தனியாகச் சண்டை போட்டேன்.

இப்போது உன் பத்திரம். இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மாப்பிள்ளை டூட்டிக்குப் போன நேரம் பார்த்துப் போட்ட கையெழுத்து எனக்கு வேண்டாம். என்மேல் இரக்கப்பட்டுப் போட்டதும் வேண்டாம். ‘இதே ஷூவென்றால் எப்படிப் போடுவேன்’ என்று மே மாதம் கேட்டாய். எனக்குப் பிடிக்காத கேள்விதான், ஆனால் கேள்வி சரி. பிறகு ஏன் ஜூனில் போட்டாய்?

புது லாஸ்டில் தைத்த ஒரே ஒரு ஜோடி பார்சலில் வருகிறது, உனக்கு. உள்ளே என் பெயர் இல்லை. பெயர் அச்சைச் சூடு பண்ணினேன், பிறகு அடுப்பை அணைத்துவிட்டேன். போட்டு ஒரு முழு டூட்டி பார்த்துவிட்டு எழுது. விரலைப் பிடித்தால் பிடிக்கிறது என்று எழுது. சர்க்கரைக்கார அம்மாவுக்கு நான் சொல்லும்வரை கொடுக்காதே.

அவரையும் பிள்ளையையும் விசாரித்தேன் என்று சொல்.

அக்கா
பொன்மலர்


நாக்பூர்
25.8.2025

பாசமுள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். சிஸ்டர் இன்சார்ஜ் கால் முழுக்க ஆறிவிட்டது, நடக்கிறார்கள். இங்கே விடாத மழை.

ஒரு டூட்டி இல்லை, இரண்டு வாரம் போட்டேன். விரல் பக்கம் பிடிக்கவே இல்லை. முதல் நாள் பயந்துகொண்டே பழைய செருப்பையும் பையில் எடுத்துப் போனேன். அதை வெளியே எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. சாயங்காலம் எனக்கு வழக்கமாகப் பாதம் வீங்கும், அப்போதும் இடம் இருந்தது.

இனி குறை. மாடிப்படி ஏறும்போது பின்பக்கம் நழுவுகிறது. முன்னால் அகலப்படுத்தியதில் குதிகால் தளர்ந்துவிட்டது போல. இடது காலில் மேல் ஓரத் தையல் கணுக்காலுக்குக் கீழே உரசுகிறது, சாக்ஸ் இல்லாமல் போட்டால் தோல் சிவக்கும். அடிப்பக்கம் ஈரத் தரையில் வழுக்குகிறது. ஆஸ்பத்திரித் தரையை எப்போதும் துடைத்துக்கொண்டே இருப்பார்கள் அக்கா, இது முக்கியம். நான் ஒருமுறை பெட்பானோடு விழப் பார்த்தேன். கறுப்புச் சாயம் வெள்ளை சாக்ஸில் ஒட்டுகிறது.

நீ மறுபடி கோபிப்பாய் என்று தெரியும். ஆனாலும் எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன், பத்திரத்தையும் காட்டினேன். என்னிடம் சொல்லாமல் போய்ப் பதிந்தாயா என்று கோபித்தார். மூன்றாம் நாள் கடிதத்தை மறுபடி வாங்கிப் படித்தார். “ஆர்டர் பணத்த திருப்பிக் குடுத்துட்டாங்களா, நெசமாவா?” என்று கேட்டார். பிறகு, “லோன் ஆபீஸ்ல வட்டி எவ்வளவுன்னு கேட்டு எழுதச் சொல்லு” என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நீ எப்போது கேட்டாலும் பத்திரத்தை அனுப்புகிறேன், அவருக்குத் தெரிந்தே.

தங்கை
மெர்சி


மாதனூர்
14.9.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல். மாப்பிள்ளைக்கு வட்டி விவரம் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். மானியம் கழித்து ஒரு கணக்கும், கழிக்காமல் ஒரு கணக்கும் இருக்கிறது. மானியம் வரும்வரை வராது என்றே வைத்துக்கொள்ளச் சொல்.

உன் கடிதத்தில் இருந்த குறைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். சங்கீதா வந்து, “இன்னா, தங்கச்சி திட்டி எழுதிச்சா?” என்றாள். “இல்ல, வேலை குடுத்திருக்குறா” என்றேன்.

குதிகால் பக்கம் உள்ளே ஒரு பட்டை வைத்து இறுக்கியாகிவிட்டது. மேல் ஓரத்தைத் தாழ்த்தி வெட்டி, தையலை மடிப்புக்குள் தள்ளிவிட்டேன். சோலுக்கு வேறு ரப்பர். வீட்டு வாசலில் சோப்புத் தண்ணீர் ஊற்றி நானே நடந்து பார்த்தேன். சங்கீதா கையைப் பிடித்துக்கொண்டாள். சாயம்தான் இன்னும் ஒட்டுகிறது. தோல் கடைக்காரரோடு அதற்குப் பேச்சு நடக்கிறது. அது தீர்ந்த பிறகுதான் பெயர் அச்சு.

குடியாத்தம் பிரின்சிபால் அம்மா போன் பண்ணினார்கள். வேறு கடையில் வாங்கின ஷூ பிள்ளைகளுக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அடுத்த வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜோடி காட்டுங்கள் என்றார்கள். ஒரு ஜோடி போதாது, நாலு பிள்ளைகள் ஒரு மாதம் போட்டுப் பார்க்கட்டும், பிறகு ஆர்டர் பேசலாம் என்றேன். சரி என்றார்கள்.

பவரை இப்போது அனுப்பு.

இன்னொன்று. விலைக் கணக்கில் தோல், சோல், என் கூலி, சங்கீதா கூலி எல்லாம் எழுதிய பிறகு ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: போட்டுப் பார்க்கும் கூலி, மெர்சி. புது மாடல் வரும்போதெல்லாம் முதல் ஜோடி உனக்கு வரும். இரண்டு வாரம் போட்டுவிட்டு எழுதினால் உன் கணக்கில் பணம் விழும். அக்காவிடம் எப்படி வாங்குவது என்று நாடகம் போடாதே, இது சம்பளம்.

குறையை எழுது. ‘அவ்வளவு அழகு’ என்று மட்டும் எழுதினால் ஒரு பைசா தர மாட்டேன்.

அக்கா
பொன்மலர்